முயல் கதை வாங்கித் தந்த பண்ணை வீடு!

‘பீட்டர் ராபிட்’ முயலைத் தெரியாத குழந்தைகள் குறைவு. அதை வரைந்து, கதையும் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், புத்தக வருமானத்தோடு அத்தை விட்டுச் சென்ற பணத்தையும் சேர்த்து 1905-ல் வாங்கிய பண்ணைதான் ‘ஹில் டாப்’. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நியர் சாவ்ரி என்ற சிற்றூரில் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டு வீடு. இப்போது ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பின் பராமரிப்பில் உள்ள இந்த வீட்டுக்கு வருபவர்களை வரவேற்று விளக்கம் சொல்பவர்களில், சம்பளம் வாங்காத தன்னார்வலர்களும் உண்டு.

கூட்டத்தை நடத்திக்கொண்டு போகும் வழக்கமான கைடு வேலை அல்ல இது. ஆளுக்கோர் அறையில் நின்று, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கதைக்குள் ஒரு வீடு

பூனைக்குட்டியை மாவில் உருட்டி, எலிகள் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடிக்கப் பார்க்கும் கதை ஒன்றை 1908-ல் வெளியிட்டார் பாட்டர். அதன் படங்களில் வருவது இதே வீட்டின் மாடிப்படியும் சமையலறையும்தான். புத்தகப் படத்தைக் காட்டி, ‘இது எங்கே இருக்கு, கண்டுபிடி’ என்றால் போதும். சலிப்போடு வந்த குழந்தையின் கண்கூட விரியும்.

பெரியவர்களுக்குச் சொல்ல இன்னொரு கதை உண்டு. 1905 ஜூலையில், பெற்றோரின் எதிர்ப்பை மீறி, தன் பதிப்பாளர் நார்மன் வார்னை மணக்கச் சம்மதித்தார் பாட்டர். அடுத்த மாதமே நார்மன் நோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடுதான் 39 வயதில் இந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரி ஆனார். பிறகு இங்குள்ள ஹெர்ட்விக் இன ஆடுகளை வளர்ப்பதில் பெயர் வாங்கினார். 1943-ல் இறந்தபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதி வைத்திருந்தார். ஹில் டாப் அறைகள் தான் வைத்த மாதிரியே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1946-ல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பாசமும் பாரம்தான்!

சிக்கலும் அங்கேதான். அறைகள் சின்னவை, வருபவர்களோ உலகெங்கிலும் இருந்து வருகிறார்கள். ஆளுக்கொரு முறை ஆசையாகத் தடவினாலே மரத்தின் மெருகு போய்விடும், துணி நைந்துவிடும். காலடியோடு தூசி, மூச்சோடு ஈரம். அதனால்தான் டிக்கெட்டிலேயே உள்ளே போகும் நேரம் குறிக்கப்படுகிறது. வீட்டை நேசிப்பவர்களிடமிருந்தே வீட்டைக் காப்பாற்றியாக வேண்டும்!

‘தொடாதே’ என்று அதட்டினால் குழந்தை முகம் வாடிவிடும். ‘நீ மறுபடி வரும்போதும் இது இப்படியே இருக்கணும் இல்லையா?’ என்றால் கை தானாகப் பின்னுக்குப் போகும். இந்தப் பக்குவம்தான் கைடுக்கு முதல் தகுதி. வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. விவரங்களைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். நாள் முழுக்க நிற்கத் தெம்பும், நூறாவது முறை கேட்ட கேள்விக்கும் முதல் முறைபோலப் பதில் சொல்லும் பொறுமையும் வேண்டும்.

வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிதாகவே இருக்காது!