அடிக்கடி மக்கர் பண்ணும் காரா உங்களுடையது?

வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். குழந்தை இருமுவதைக் கேட்டே சாதாரணச் சளியா, மார்புச் சளியா என்று சொல்லிவிடுவோம். மாமியார் எழுந்திருக்கிற தினுசைப் பார்த்தே இன்று முட்டி வலி எப்படி என்று தெரிந்துவிடும். ஆனால் வாசலில் நிற்கிற பழைய கார் விஷயத்தில் மட்டும், "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஒதுங்கி என்ன பயன்? அது நடு ரோட்டில் நின்றுவிட்டால், இடுப்பில் குழந்தையோடு வெயிலில் நிற்கப் போவது நாம்தானே!

நம் ஊரில் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கத் துணிந்ததே சின்னக் கார்களால்தான். அதற்கு முன் அம்பாஸடர், ஃபியட், அப்புறம் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், விலை அரை லட்சத்தை ஒட்டி. பின்பக்கத்தை மேலே தூக்கித் திறக்கலாம். 2014 வரைக்கும் அந்த வண்டி வெளிவந்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இப்படி வந்த சின்னக் கார்கள் இரண்டு கை, மூன்று கை மாறி, இன்று நம் போன்றவர்கள் வீட்டு வாசலில் நிற்கின்றன.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கும்போதே பத்து வயது. ஓடுகிற நாளில் தங்கம், ஓடாத நாளில் எங்கள் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் கிணற்றில் எட்டிப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருப்பார்!

கோலம் போடும்போதே கவனியுங்கள்

காலையில் வாசல் தெளிக்கிறவள் நாம். ஆகவே கார் நின்ற இடத்தை முதலில் பார்க்கிறவளும் நாம்தான். இரவில் இஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அந்த அட்டையே பாதி சேதி சொல்லிவிடும். வெறும் தண்ணீர் என்றால் பயமில்லை, ஏ.சி. போட்டு ஓட்டிய வண்டி அப்படித்தான் சொட்டும். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுக்கென்றிருந்தால் ஆயில். பச்சை, சிவப்பு, ரோஸ் நிறத்தில் இருந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட். இந்தக் கூலன்ட் விஷயத்தில் தாய்மார்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்கிற பொருள் தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். தவழுகிற குழந்தை விரலால் தொட்டு வாயில் வைத்துவிடும். நாய், பூனை நக்கிவிடும். சிந்தியதை உடனே கழுவித் தள்ளுங்கள். மீதியைச் சர்பத் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தை இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது காது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் 'கீச்ச்ச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்று மட்டும் கேட்டு வண்டி உறுமாவிட்டால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரத்துப் பக்கம் 'டக டக' என்றால் டிரைவ் ஷாஃப்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் போட்டால் இரும்பை இரும்பு தேய்க்கிற சத்தமா? அன்றைக்கு அந்த வண்டியை எடுக்கவே கூடாது. கல்யாணமோ, சீமந்தமோ, பஸ்ஸில் போங்கள்.

பின்னால் வருகிற புகையும் பேசும். நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் கெட்டியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிசு.

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனால் மரியாதையே தனி. முன்பெல்லாம் மெக்கானிக் தம்பி என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். "சார் வரட்டும்கா, சொல்றேன்" என்பார். ஒரு தரம், "தம்பி, காலையில பெல்ட் கத்துது, ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. சார் ஆபீஸ் போயிட்டார். பெல்ட்டைக் காட்டி, என்ன ஆச்சுன்னு எனக்கே சொல்லுங்க" என்றேன். அன்றையிலிருந்து கழற்றின பழைய சாமானையெல்லாம் பேப்பரில் சுற்றி என்னிடம்தான் கொடுக்கிறார். பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், சகோதரிகளே. கேட்கத் தெரிந்தவளுக்கு வருகிற பில்லே வேறு!

முள் ஏறினால்

துவாக்குடி தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு சித்திரை மத்தியானம். பின் சீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், மடியில் புளியோதரைத் தூக்கு. மீட்டரில் சூட்டைக் காட்டுகிற முள் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஓரம் கட்டுங்க" என்றேன். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, போயிடலாம்" என்றார். "முதல்ல ஏ.சி.யை நிறுத்துங்க" என்று நான் சொன்ன தொனியில் மாமியாரே, "அவதான் சொல்றாளே, நிறுத்தேன்டா" என்றார்கள். நின்றோம்.

அந்தப் பத்து கிலோமீட்டர்தான் இஞ்சினைக் கொல்கிற கிலோமீட்டர். சூடேறிய இஞ்சினை விரட்டினால் உள்ளே தலைப்பாகம் வளைந்து, கேஸ்கெட் போய்விடும். ஆயிரத்தில் முடிவது முப்பதாயிரத்தில் வந்து நிற்கும். முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு ஜன்னல்களை இறக்குங்கள். இஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். இடம் பார்த்து ஓரம் கட்டி இஞ்சினை அணையுங்கள். அரை மணியாவது பொறுங்கள்.

அந்த அரை மணிக்குள் ரேடியேட்டர் மூடியை யாரும் தொடக் கூடாது. உள்ளே இருப்பது வெறும் வெந்நீர் இல்லை. பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில், நூறு டிகிரிக்கும் மேலே கொதித்துக்கொண்டிருக்கும். வெயிட்டோடு இருக்கிற குக்கரை வலுவில் திறப்பீர்களா? திறந்தால் முகத்திலும் மார்பிலும்தான் பீய்ச்சி அடிக்கும். அப்படி யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாய் இல்லையென்றால் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இங்க், பற்பசை, நெய், ஐஸ் ஒன்றும் வேண்டாம். அப்புறம் சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் போங்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதல் வேலை வண்டியைப் பார்ப்பதல்ல, பிள்ளைகளைப் பார்ப்பது. நாலு இண்டிகேட்டரும் மினுக்கட்டும். எல்லோரும் ரோட்டுப் பக்கம் இறங்காமல் இடது பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று டிக்கியைக் குடைகிற வேலை அப்புறம். சிவப்பு முக்கோணத்தை ஒரு 50 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. அடி, காயம் என்றால் 108. வேறு ஆபத்தென்றால் 112. இந்த மூன்றையும் சன் வைசரில் எழுதி ஒட்டிவிட்டேன். செல்போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும், உதவிக்கு வருகிறவர் போனில் போடலாம் பாருங்கள்.

"குழந்தை தூங்குது, உள்ளேயே இருக்கட்டும்" என்று மட்டும் விடாதீர்கள். வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடிவிடும். ஜன்னலை ஒரு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தை உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்கிறார்கள் மருத்துவர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடப் போகிற ஐந்து நிமிடம் என்றாலும் குழந்தை உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய வண்டியில் சைலன்சர் குழாய் ஓட்டையாகியிருந்தால், கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காரில் ஏறினால் மட்டும் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கம் தூக்கமாக வருகிறதென்றால், 'பித்தம்' என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காராதீர்கள். கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, எல்லோரும் காற்றாட வெளியே வாருங்கள். ஷெட் கதவை மூடி வைத்துக்கொண்டு இஞ்சினை ஓடவிடுவதும் கூடவே கூடாது.

பேட்டரி நம் வெயிலுக்கு மூன்று, நாலு வருஷம் வந்தால் அதிகம். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஒயரைக் கழற்றிவிட்டு சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு, மாட்டும்போது கடைசியில் கறுப்பு. பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் வேண்டாம், அதிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதே இல்லை.

மழைக்காலத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரால் மறக்க முடியும்? 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் அதே கதைதான். தண்ணீரில் மூழ்கி நின்ற காரை, வடிந்த பிறகு 'ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்' என்று சாவி போடக் கூடாது. இஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே இருக்கிற ராடு வளைந்துவிடும். போட்டோ எடுத்து வைத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

இதற்கு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போதும். பெட்ரோல் கணக்கு வேண்டாம், ரிப்பேர் மட்டும் தேதி போட்டு எழுதுங்கள். போன வருஷம் எங்கள் நோட்டில் 31,400 ரூபாய் வந்தது. விற்றால் வண்டி எழுபதாயிரம் போகும் என்றார்கள். ஒரு வருஷ ரிப்பேர், வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். பாதியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கையில் இருக்கிற வளையலை அடகு வைத்து இஞ்சின் வேலை செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் என்பதையும் கணக்கில் சேருங்கள். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும், பசுமை வரி உண்டு. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது: நடு ராத்திரியில் பிள்ளைக்கு ஜுரத்தில் ஜன்னி கண்டால் இந்த வண்டி கிளம்புமா? எட்டு மாசம் ஆன பெண் வீட்டில் இருந்தால், வலி எடுக்கும்போது செல்ஃப் எடுக்கவில்லையென்றால்? பத்துக்கு எட்டுத் தரம் கிளம்புகிற வண்டியை ஆஸ்பத்திரிக்கு நம்பாதீர்கள். தெருவில் ராத்திரி வரக்கூடிய ஆட்டோக்காரர் நம்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 108 இருக்கவே இருக்கிறது. கோவிலுக்கும் கடைக்கும் இந்தக் கார் போதும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். எங்கள் வண்டி இப்போதைக்கு அந்த உத்தியோகத்தில்தான் இருக்கிறது.

விற்பதென்று முடிவானால், பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாறுகிறவரை அந்த வண்டி உங்கள் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். நாளைக்கு அது யார் மேலாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஒப்படைத்த தேதி, மணி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புது ஆர்.சி.யின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டாகையும் கிழித்துவிட்டு, அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள்.