ரெண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே

கூடவே வாழும் நோய் – 9

அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட நான்கு நோட்டுகள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தேதி, ரத்தப் பரிசோதனைக் கணக்கு, மாத்திரை அளவு என்று எழுதியிருப்பார். மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக். முதல் சில பக்கங்களில் ரத்தம் உறைய ஆகும் விநாடிக் கணக்கு இருக்கும். அதற்குப் பிறகு எல்லாம், அதே உறைதலை ஒரே எண்ணாகச் சொல்லும் ஐ.என்.ஆர். ‘2.8 – ஒண்ணு’. ‘2.1 – ஒண்ணேகால்’. ‘4.6 – ரெண்டு நாள் நிறுத்தம்’. 1993 நவம்பரில் தொடங்கியது, இந்த மாதம் வரை வந்திருக்கிறது.

போன வாரம் சர்க்கரை நோயைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பேசப்போவது, ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டதாக ஊரே நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு நோய்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற வீடு. அத்தைக்குப் பதினோரு வயதில் தொண்டை வலி, காய்ச்சல். அது போய் இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். வாயு என்று சொல்லி எண்ணெய் தேய்த்தார்கள். சரியாகிவிட்டது.

உள்ளே சரியாகவில்லை. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி, சில குழந்தைகளுக்கு மூட்டையும் இதய வால்வையும் சேர்த்தே தாக்கிவிடும். இதுதான் ரூமாட்டிக் காய்ச்சல். நெருக்கமான வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு, ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் வருகிற நோய். திரும்பத் திரும்ப வந்தால் வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். தடுக்க வழி உண்டு: 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். இடுப்பில் போடுவார்கள், அன்றைக்கு முழுக்க ஒழுங்காக உட்கார முடியாது. அத்தைக்கு ஒரு வருடம் போட்டார்கள். ‘பிள்ளைதான் நல்லா ஓடுதே’ என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். நன்றாக ஓடுகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று ஒரு தாய் கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அன்றைக்கு அங்கே இல்லை.

இருபத்து மூன்று வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தது. பிறகு படுத்தாலே இரைத்தது. மூன்று தலையணை வைத்து, கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்தே தூங்கினார். இந்த நோய் முதல் கர்ப்பத்தில்தான் வெளிப்படும் பெண்களும் நிறைய. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும்போது, குறுகிய வால்வால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

நாகர்கோவில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போங்க” என்றார். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பெரிய நோய் வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்றும் திசை வடமேற்குதான். களியக்காவிளை, தம்பானூர், அங்கிருந்து மெடிக்கல் காலேஜ். ‘சித்ராவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க’ என்றால், நெஞ்சு அல்லது தலை சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஊருக்கே புரிந்துவிடும்.

சித்ரா என்று ஊர் சொல்லும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தைத் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் தொடங்கினார்கள். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதைக் கட்டியெழுப்பியவர் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான். அன்று செயற்கை வால்வு என்றால் வெளிநாட்டுச் சரக்கு. வால்வு கெட்டுவரும் பிள்ளைகளோ கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இங்கேயே செய்துவிடுவோம் என்று இறங்கினார் வலியத்தான். பூஜப்புரையில் மகாராணி சேது லட்சுமி பாய்க்காகக் கட்டிய சாட்டல்மண்ட் அரண்மனையில், பொறியாளர்களும் உலோகம் தெரிந்தவர்களும் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லால் செய்த தட்டே உடைந்துபோனது. நான்காவது வடிவத்தில் கோபால்ட் உலோகக் கலவையில் வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் தட்டு. ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்த பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். இதுவரை இந்த வால்வைப் பொருத்திக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024 ஜூலையில் வலியத்தான் காலமான செய்தியைப் படித்த அன்று அத்தை நெடுநேரம் யாரோடும் பேசவில்லை.

சித்ராவில் ஆபரேஷன் செய்து அத்தையின் நெஞ்சில் வைத்ததும் அந்த வால்வுதான். கரண்ட் போன ராத்திரியில் பக்கத்தில் படுத்தால் சத்தம் கேட்கும். அடுத்த அறைக் கடிகாரத்தின் சத்தம் போல, மெதுவாக. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை. முப்பது வருடத்தில் நூறு கோடிக்கு மேல்.

வால்வு சளைக்கவில்லை, உழைப்பெல்லாம் அத்தைக்குத்தான். உடம்பில் அயல் பொருள் இருந்தால் அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் தட்டு சிக்கிக்கொள்ளலாம், அல்லது ஒரு துணுக்கு மூளைக்கு ஏறிப் பக்கவாதம் வரலாம். அதனால் ரத்தத்தைச் சற்று இளக்கியே வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் வார்ஃபரின். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிப்போனதில் பிறந்த மருந்து இது; முதலில் எலி மருந்தாகத்தான் விற்றார்கள். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் உறைவு. நமக்கெல்லாம் ஐ.என்.ஆர். 1. அத்தைக்கு டாக்டர் வகுத்திருப்பது ரெண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே.

அந்த ஒரு புள்ளி இடத்துக்குள்தான் சாப்பாடு, திருவிழா, பல்வலி எல்லாமே. கீரை ஐ.என்.ஆர். கணக்கைக் குறைக்கும். ‘கீரையே தொடாதே’ என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. வாரத்துக்கு எவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை இடுப்பு வலிக்குப் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் காட்டினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பல் துலக்கும்போது வாயெல்லாம் ரத்தம். நோட்டில் அந்த 4.6 அந்த வாரத்துடையது.

அத்தை தையல்காரி. ஊரில் கல்யாணப் பெண்களுக்கு முதுகு இறக்கமாக ஜாக்கெட் தைப்பார். தனக்கு மட்டும் கழுத்து ஏற்றி, தழும்பு தெரியாதபடி. ஊசி குத்தினால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்பதால் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் ஹெம்மிங் செய்வார். மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் அத்தையே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“ஏன் அத்தை, பாட்டி மறைக்கச் சொன்னாங்களே?”

“மறைச்சுக் கெட்டிக்கிட்டு, மாத்திரையையும் மறைச்சுத் திங்கணுமா மக்களே?”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மறைக்கும் பெண்கள் மாத்திரை தவறவிடுகிறார்கள், பரிசோதனைக்குப் போகமுடியாமல் தவிக்கிறார்கள். கருவின் ஆரம்ப வாரங்களில் இந்த மருந்து குழந்தையைப் பாதிக்கலாம், முன்கூட்டியே டாக்டரிடம் பேசி ஊசி மருந்துக்கு மாற வேண்டியிருக்கும் என்பதைக் கேட்கவும் வழியில்லாமல் போகிறார்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகமாக்கி யாரும் பேசினால் அவருக்குக் கோபம் வரும்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கைக்கருவி வந்து எத்தனையோ காலமாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கிற மேஜையிலேயே அதையும் வைக்கலாம். இதற்காக மட்டும் ஒரு நாள் கூலியையும் இரண்டு பஸ்ஸையும் செலவழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் போகாமலே இருந்துவிட்டு, ஒரு பக்கம் விழுந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அத்தையோடு லேபுக்குப் போனேன். 2.9. வீட்டுக்கு வந்ததும் எழுதினார். சாயங்காலம் ஆறரைக்கு மாத்திரையை பிளேடால் நாலாக நறுக்கி, ஒரு துண்டை முழு மாத்திரையோடு விழுங்கினார். மீதி மூன்றைத் தாளில் மடித்து டப்பாவில் வைத்தார். நாலாவது நோட்டில் இன்னும் ஆறு பக்கம்தான் பாக்கி. மார்த்தாண்டம் சந்தைக்குப் போனபோதே அஞ்சாவதை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கட்டம் போட்டு வைத்துவிட்டார்.

(தொடரும்)