பேரெரிமலைகள் மீண்டும் வெடிக்குமா?

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே, கண்டி மாவட்டத்துத் திகணைப் பகுதியில் நிலம் சிறிது அதிர்ந்தபோது, மாணவர் சிலர், "நமது மலைகளுள்ளும் எரிமலை உறங்குகின்றதோ?" என வினவினர். இல்லை என்பதே விடையாகும். மலைநாட்டுப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி இறுகியவை. இலங்கை புவித்தகட்டின் விளிம்பிலும் அமையவில்லை. ஆயினும், கண்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சுமாத்திராவின் தோபா ஏரி நாம் கருத்திற்கொள்ள வேண்டியதொன்றாம்.

ஒரே வெடிப்பில் 1,000 கன கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொருளைக் கக்கவல்லது பேரெரிமலை எனப்படும். 1883இல் வெடித்த கிரக்கத்தோவா கக்கியது ஏறத்தாழ 20 கன கிலோமீற்றரே; அதற்கே அவ்வாண்டு செப்டெம்பரில் இலங்கை வானிற் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றினான். தோபாவோ, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர், அதனினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட பொருளை வீசியது. 100 கிலோமீற்றர் நீளமான அவ்வேரி அன்று தாழ்ந்த நிலத்திற் பிறந்ததேயாம்.

இதற்கு ஏது யாது? இந்துசமுத்திரத்தின் அடித்தளம் சுமாத்திராவின் கீழே அமிழ்ந்து செல்கின்றது. அதனின்று வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகின்றது. உருகிய குழம்பு மேலெழுந்து, சில கிலோமீற்றர் ஆழத்தே தங்கி, சிலிக்கா மிகுந்து தடிப்படைகின்றது. அதன் மிதப்பும் கரைந்துள்ள வாயுக்களின் அமுக்கமும் மிகும்போது கூரை பிளக்கின்றது. சோடாப் போத்தலைத் திறந்தாற்போல வாயுக்கள் நுரைத்துப் பொங்க, வீழ்கின்ற கூரை எஞ்சிய குழம்பையும் வெளியே தள்ளுகின்றது.

ஆயின், குழம்பிற் பெரும்பகுதி திண்மமாய் இருக்கும்வரை அது பாயாது. அமெரிக்காவின் யெலோசுட்டோனில் திரவப்பகுதி 16 முதல் 20 நூற்றுவீதமே என 2022இல் மதிப்பிடப்பட்டது. வெடிப்புக்கு அதனினும் மிகுதியான பங்கு வேண்டும்.

2018ஆம் ஆண்டின் கணிப்பொன்று இத்தகைய வெடிப்புகள் சராசரியாக 17,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் என்றது. அவ்வாறாயின், ஒரு நூற்றாண்டில் ஒன்று நிகழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு எனலாம். இறுதியாக நியூசிலாந்தின் தௌப்போ ஏறத்தாழ 25,500 ஆண்டுகளுக்கு முன் வெடித்தமையால், "தவணை கடந்துவிட்டது" என்று கூறுவர் சிலர். இது பிழை. சராசரி என்பது கணக்கு. எரிமலைக்குத் தவணை இல்லை.

ஆந்திரத்து ஜுவாலாபுரத்தில் தோபாவின் சாம்பற்படைக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. அப்பேரழிவின் பின்னரும் அந்நிலத்தில் மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்றாகும்.

நாம் பெரிதும் அஞ்சவேண்டியது இதனினும் சிறியவற்றையே. 1815இல் தம்போரா வெடித்தமையால் 1816இல் ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தது. சுமாத்திராவின் கீழ் அமிழும் அதே கடலடித்தளமே 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலைக்கும் காரணமாயிற்று. அன்று நம் நாட்டிற் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் பின்வாங்குவதன் பொருளை அறிந்திருந்தாற் பலர் உயிர் தப்பியிருப்பர். புவியின் இயல்பை மாணவர்க்குக் கற்பித்தல் தேர்வுக்காக மட்டும் அன்று என்பதை நாம் மறத்தலாகாது.