கூண்டுக்குள் ஒரு குடும்பம் – 9: கிளிக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போனால், ஐந்தடி நடைபாதையில் கிளி ஜோசியர் யாராவது கண்ணில் படுகிறாரா என்று பாருங்கள். பலன் கேட்க வேண்டாம். கிளியை மட்டும் கவனியுங்கள். கூண்டுக் கதவு திறந்ததும் வெளியே நடந்து வரும். அடுக்கிலிருந்து ஓர் அட்டையை அலகால் இழுத்துப் போடும். அந்த நொடியே ஒரு நெல்மணி கிடைக்கும். வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போய்விடும். அதட்டல் கிடையாது. சிறகை வெட்டுவதும் அத்தனை சின்னக் கூண்டில் அடைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பழக்கும் முறை சரியானது: வேலை முடிந்த கையோடு கூலி. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்துப் புறாக்களிடம் போட்டுப் பார்த்ததும் இதே கணக்குத்தான்.

நம் வீடுகளிலும் கூலி கொடுக்கிறோம், தப்பான வேலைக்கு.

பட்ஜியோ லவ் பேர்டோ காக்கடியலோ, கையை உள்ளே விட்ட உடனே கடிப்பதில்லை. முதலில் இறகெல்லாம் உடம்போடு ஒட்டி ஒல்லியாகும். பின்னுக்குச் சாயும். அலகைத் திறந்து காட்டும். அதற்கு மேலும் விரலை நீட்டினால்தான் கடி. 'ஆ' என்று கையை இழுத்துக்கொள்கிறோம். கடித்தால் கை போய்விடும் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. மறுமுறை எச்சரிக்கையெல்லாம் எதற்கு? நேரே கடிதான்.

ஆகவே அலகு திறந்ததுமே கையை நிறுத்துங்கள். உடம்பு தளர்ந்த பிறகு மெல்ல எடுங்கள். சில நாள் கையை மறந்துவிட்டு, கம்பி வழியே ஒரு சாப்ஸ்டிக்கை நீட்டுங்கள். நுனியை அலகால் தொட்டால் உடனே தினை. குச்சியைத் தேடி வரப் பழகிய கிளியைக் கைக்கு வரவழைப்பது பெரிய காரியமில்லை.

கத்தலும் அப்படித்தான். கூட்டமாக வாழும் பறவை அது, "சும்மா இரு!" என்று சமையலறையிலிருந்து நாம் போடும் சத்தம் அதற்குத் திட்டு அல்ல, பதில். கத்தும்போது போகாதீர்கள், மெல்லச் சீழ்க்கை அடிக்கும்போது போய்ப் பேசுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும். பொறுக்காமல் ஓடினால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்பதே அது கற்கும் பாடம்.

இன்னொன்று, தூக்கம். பூமத்திய ரேகையை ஒட்டிய பினாங்கில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், இருட்டும் அவ்வளவே. அடுக்குமாடி வீட்டு ஹாலில் டிவி நள்ளிரவு வரை ஓடினால், அந்த இருட்டில் பாதி போய்விடுகிறது. தூங்காத கிளி சிடுசிடுக்கும். வெளிச்சம் நீண்டால் கூடு கட்டும் வேகமும் கிளம்பக்கூடும். அப்போது கண்ணாடியும் மரப்பெட்டியும் கூண்டில் இருந்தால் அந்த மூலையைக் காக்கக் கடிக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு, இரவில் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றுங்கள்.

சாதுவான கிளி திடீரென்று கடித்தாலோ, தன் இறகைத் தானே பிடுங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு, பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிளி நோயை மறைக்கும்; நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

(அடுத்த வாரம்: ஒட்டாத சட்டியின் புகை கிளியைக் கொல்வது எப்படி?)