விளக்கு எரிகிறது, கார் ஏன் கிளம்பவில்லை?

சென்ற ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு நடந்த ஒரு நாள் காலை, சுங்கை ஊடாங்கில் உள்ள என் மாணவி ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தேர்வு தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது. அப்பாவின் பழைய கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தாராம். அன்று மாலையே அப்பா புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினார். மூன்றாம் நாள் மீண்டும் அதே ‘டக் டக் டக்’ சத்தம். பணம் போயிற்று, கோளாறு போகவில்லை.

“சார், முன்விளக்கு பளிச்சென்று எரிகிறது. அப்படியென்றால் மின்சாரம் இருக்கிறதுதானே?” என்று கேட்டார் அந்த மாணவி.

நல்ல கேள்வி. இதற்கான விடை ஐந்தாம் படிவ இயற்பியலில் இருக்கிறது.

கார் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும், மொத்தம் 12.6 வோல்ட். இரண்டு முன்விளக்குகளுக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர் போதும். ஆனால், நிற்கும் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 150 ஆம்பியர் கூடத் தேவைப்படலாம்.

இப்போது கம்பி இணைப்பு ஒன்றில் துரு ஏறி, 0.03 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்குங்கள். விளக்கு எரியும்போது இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே; கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்டாலோ, 4.5 வோல்ட் துருவிலேயே வீணாகும். மோட்டாரை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச் மூடும், மின்னழுத்தம் சரிந்ததும் விட்டுவிடும், மீண்டும் மூடும். அதுதான் அந்த ‘டக் டக்’. பேட்டரி பழசாகி அதன் உள்தடை கூடினாலும் இதே சத்தம் கேட்கும். ஆகவே, சத்தத்தை மட்டும் வைத்துப் பேட்டரிமேல் பழி போடக்கூடாது.

ஒரு காலத்தில் காரின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். கைப்பிடி திடீரென எதிர்த்துச் சுழன்று கையை முறித்ததும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகே இந்தத் தொல்லை குறையத் தொடங்கியது.

கார் கிளம்பாதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எஞ்சின் சுழல்கிறதா?

சுழலவில்லை என்றால் பேட்டரி, இணைப்புகள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோ கியர் வண்டியாக இருந்தால், கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் உள்ளதா என்றும் பாருங்கள்.

நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்பதே அடுத்த கேள்வி. பல கார்களில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ‘ம்ம்’ என்று முனகும். அது கேட்கவில்லை என்றால் அந்தப் பக்கம் தேடலாம். தீப்பொறிக்கு, 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் உதவுகிறது. இக்னிஷன் காயில் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கின் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறியைப் பாய்ச்சுகிறது. இதைச் சோதிப்பது மெக்கானிக்கின் வேலை, நீங்கள் தொடாதீர்கள். பேட்டரி அருகிலும் நெருப்பு கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம்.

மாணவியின் வீட்டுக் காருக்கு என்ன ஆனது? பள்ளி ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரோடு போனேன். ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைக் காரின் உலோக உடலிலும் வைத்தேன். இணைப்பு நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பும்போதும் அளவு அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஆனால், அப்பா சாவியைத் திருப்பியதும் மீட்டரின் முள் 3 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரியிலிருந்து வரும் கறுப்புக் கம்பி காரின் உடலோடு சேரும் இடத்தில், போல்ட்டைச் சுற்றி ஒரே துரு! பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினோம். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

உப்புத்தாளின் விலை சில வெள்ளிகூட இல்லை. அப்பா புதிய பேட்டரியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, “முதல்லயே உன்கிட்ட கேட்டிருக்கலாம்மா” என்றார்.