உயிருக்கு உலை வைக்கும் காற்றுக் குமிழி!

மோட்டார் காரைத் தொழிற்சாலையில்தான் செய்ய வேண்டுமா? வீட்டிலும் செய்யலாம்!

இங்கிலாந்தில் செய்கிறார்கள். சட்டம், என்ஜின், சக்கரம், விளக்கு, திருகாணி எல்லாம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து சேரும். வாங்கியவர் அவற்றைத் தம் கார் கொட்டகையில் வைத்துப் பொருத்திக் காராக்கிவிடுவார். இதற்கு "கிட் கார்" என்று பெயர்.

இந்த வகையில் பேர்போனது "லோட்டஸ் செவன்". 1957-ம் ஆண்டில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் காலின் சாப்மன் என்ற என்ஜினீயர். அந்தக் காலத்தில் அங்கே முழுக் கார் வாங்கினால் வரி உண்டு. உதிரியாக வாங்கினால் வரி இல்லை! ஆனால், எப்படிப் பொருத்துவது என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. சாப்மன் லேசுப்பட்டவர் அல்ல. எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தாராம்! வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1973-ல் அந்த வரி போய்விட்டது. அதே ஆண்டில் அந்தக் காரைச் செய்யும் உரிமையும் கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. வரிக்குப் பயந்து உதிரியாக வாங்கிய காலம் மாறி, ஆசைக்காக வாங்கும் காலம் வந்தது.

நிற்க வேண்டாமா?

காரை ஓட வைப்பது பெரிதல்ல. அது நிற்க வேண்டும்!

செவன் காரின் எடை சுமார் 500 கிலோதான். அதனால் சிட்டாய்ப் பறக்கும். முதலில் வந்த வண்டிகளுக்கு டிரம் பிரேக்தான் இருந்தது. பிறகு டிஸ்க் பிரேக் வந்தது. 1953-ல் பிரான்சில் நடந்த 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது அல்லவா? அதற்கு இந்த டிஸ்க் பிரேக்கும் ஒரு காரணம்.

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழலும். அதுதான் டிஸ்க். அந்தத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிதான் காலிபர். காலிபருக்குள் பிஸ்டன்கள் இருக்கின்றன. அவை பிரேக் பேடுகளைத் தட்டின்மேல் அழுத்தும். வண்டி நிற்கும்.

கிட் கார் வைத்திருப்பவர்கள் பலர், பழைய காலிபரைக் கழற்றிவிட்டு, 4 பிஸ்டன் உள்ள பெரிய காலிபரைப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வண்டி உடனே நின்றுவிடும் என்று நினைப்பு. அது முழு உண்மை அல்ல. கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர்தானே! பழைய பிரேக்கே சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துவிடும் என்றால், புதிது அதற்கு மேல் என்ன செய்யும்? மறுபடி மறுபடி பிரேக் போட்டாலும் சூட்டைத் தாங்கும். அதுதான் லாபம்.

20 கிலோ, 800 கிலோ!

ஒரு பெண்ணின் மெல்லிய பாதம் ஓடும் காரை எப்படி நிறுத்துகிறது?

20 கிலோ பலத்தோடு மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது 5 மடங்காக்கினால் 100 கிலோ. அந்தப் பலம் ஒரு சிறிய பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. காலிபர் பிஸ்டனின் பரப்பு அதைப்போல 8 மடங்கு இருந்தால், அங்கே 800 கிலோ! 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட தத்துவம் இது.

ஆனால், குழாயில் காற்று இருக்கக் கூடாது.

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கைப்பிடி பாதி தூரம் உள்ளே போகும். காற்று சுருங்குகிறது. அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்துங்கள். அசையாது! பிரேக் குழாயில் காற்று இருந்தாலும் இதே கதைதான். மிதித்த பலமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். மிதி பஞ்சுபோல் அமுங்கும். வண்டி நிற்காது.

மிதி! விடு!

காலிபர் மாற்றும்போது குழாயைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் காற்று புகும். அதை எடுப்பதுதான் பெரிய வேலை.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். காலிபரின் போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். குழாய் மூட்டுக்குப் புது செம்பு வாஷர். ஸ்டீரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பினாலும் ரப்பர் குழாய் டயரில் உரசக் கூடாது.

இனி இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலும் கணவன் கீழே, மனைவி காருக்குள்.

காலிபரில் நிப்பிள் என்று ஒரு சிறு திருகு உண்டு. அதில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள புட்டியில் முக்குகிறார்கள்.

"மிதி!" என்கிறார் கணவர்.

"மிதிச்சாச்சு!"

அவர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கிறார். ஆயிலோடு குமிழி வருகிறது. மிதி அடிவரை போகிறது. நிப்பிளை மூடுகிறார்.

"விடு!"

இந்த வரிசை தவறக் கூடாது. மூடுவதற்கு முன் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். எத்தனையோ வீடுகளில் சண்டை இங்கேதான் ஆரம்பம்!

மேலே உள்ள ஆயில் டப்பாவையும் வற்றவிடக் கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கம்பெனி வேறு வரிசை சொல்லாவிட்டால், தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிப்பது வழக்கம்.

இடம் மாறினால் ஆபத்து

சிலர் நாள் முழுவதும் மிதித்தும் மிதி கெட்டிப்படாது. புட்டி புட்டியாக ஆயில் செலவாகும். ஏன்?

நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடது காலிபரை வலது பக்கம் போட்டுவிட்டால், மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும். கீழே ஆயில் மட்டும் வரும். போல்ட்டு சரியாகப் பொருந்திவிடுவதால் சந்தேகமே வராது!

பிரேக் ஆயிலும் பொல்லாதது. பெயின்டை அரிக்கும். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சும். "டாட் 4" என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். மிதி தரையைத் தொட்டுவிடும். பிறகு என்ன நடக்கும்? சொல்ல வேண்டியதில்லை. அதனால், எப்போதோ திறந்து வைத்த டப்பாவைத் தொடாமல், புது டப்பா வாங்குகிறார்கள்.

வேலை முடிந்ததும் மிதியை ஒரு நிமிஷம் பலமாக அழுத்திப் பிடிக்கிறார்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்க்கிறார்கள்.

உடனே ரோட்டுக்கு ஓடுவதில்லை. ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடியும் மிதிக்கிறார்கள். நேற்று நின்ற இடத்திலேயே மிதி கெட்டியாக நிற்கிறதா? அப்போதுதான் கொட்டகைக் கதவைத் திறந்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஆமை வேகத்தில் காரை ஓட்டிப் பார்க்கிறார்கள்.