இடக்கைப் பிள்ளைக்கு எந்த மட்டை?

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஆறாம் வகுப்பு. 2025 டிசம்பரில் மதுரையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஹாக்கி கிளப்பில் சேர்த்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். சிக்கல் என்னவென்றால், சோற்றில் கை வைப்பது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவளுக்கு இடக்கைதான். “கடையில் கேட்டால் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறார்கள். சென்னையில் கிடைக்குமா? இல்லை, இவளுக்கு இந்த ஆட்டமே சரிப்படாதா?” என்று கேட்கிறார்.

கடைக்காரர் சொன்னது சரி. ஆட்டத்தில் அனுமதிக்கப்படும் இடக்கை மட்டை சென்னையிலும் இல்லை, ஹாக்கியில் கொடிகட்டிப் பறக்கும் நெதர்லாந்திலும் இல்லை. ஆனால் மகளுக்கு ஆட்டம் சரிப்படாதோ என்ற பயம் வேண்டாம். இதற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எனக்குப் பிடித்த சங்கதியில் அம்மா கை வைத்துவிட்டார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகம் தட்டை, மறுமுகம் உருண்டை. தட்டை முகத்தாலும் விளிம்பாலும் மட்டும்தான் பந்தை ஆடலாம். உருண்டையான முதுகு பந்தில் பட்டால் நடுவர் விசில் ஊதிவிடுவார். அந்தத் தட்டை முகம் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கிரிக்கெட்டில் இடக்கைக்காரர் திரும்பி நின்றால் போதும். இறகுப்பந்தில் மட்டையைக் கை மாற்றினால் போதும். ஹாக்கியில் அந்தப் பேச்சே கிடையாது. உலகம் முழுக்க ஒரே பிடி: இடக்கை மேலே, வலக்கை கீழே.

மட்டையின் எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் அது நுழைந்து வெளிவர வேண்டும். பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கலாம். இப்படிக் கிராமும் மில்லிமீட்டருமாகக் கறாராக அளக்கும் விதிப்புத்தகம், மனிதனுக்கு இரண்டு பக்கமும் கை இருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்த ஓரவஞ்சனையிலிருந்துதான் பிறக்கிறது.

பந்து வலப்பக்கம் வந்தால் தட்டை முகம் தயாராக இருக்கிறது. இடப்பக்கம் வந்தால்? மட்டையை அப்படியே புரட்ட வேண்டும். வளைந்த நுனி தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பந்தை இழுக்க வேண்டும். ‘ரிவர்ஸ்’ என்பது இதுதான். பந்தை வலமும் இடமுமாக மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே ஓடும் வித்தைக்கு ‘இந்தியன் டிரிபிள்’ என்று உலகமே நம் பெயரை வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு தட்டலுக்கும் மட்டை ஒருமுறை புரண்டு திரும்புகிறது.

இந்தப் புரட்டலை எந்தக் கை செய்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் பழைய வீட்டுத் தூணில் தயிர் கடைவதற்காக ஒரு கயிற்று வளையம் கட்டியிருப்பார்கள். மத்து அந்த வளையத்துக்குள் நின்று சுழலும். வளையம் சுழலாது, மத்தை விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஹாக்கியில் வலக்கைதான் அந்த வளையம். மட்டையைத் திருப்புவது மேலே இருக்கும் இடக்கை மணிக்கட்டு. புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வலக்கையால் இறுக்கிப் பிடித்துத் திருப்பப் பார்ப்பார்கள். மட்டை பாதியில் நின்றுவிடும், பந்து முதுகில் படும். பயிற்சி கொடுப்பவர் “முதுகு, முதுகு!” என்று சத்தம் போடுவார். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை தன் சோம்பேறிக் கையைத் தட்டி எழுப்ப மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். சாத்தூர்ச் சிறுமிக்கு அந்தக் கை ஏற்கெனவே விழித்திருக்கிறது. இடக்கைக்காரர்களை ஒதுக்குவதாகத் தோன்றும் விதி, அவர்களுக்குக் கொஞ்சம் சலுகையே காட்டுகிறது என்பது என் கட்சி.

எல்லாருக்கும் ஒரே பிடி என்பதால் மைதானத்துக்கும் பலமான பக்கம், பலவீனமான பக்கம் உண்டு. தடுக்க வருபவரின் வலப்பக்கம் கோட்டை. இடப்பக்கம் பந்து போனால் அவர் ரிவர்ஸில்தான் கை நீட்ட வேண்டும். வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோவதற்குத் தனி மவுசு இருப்பது அதனால்தான். பெற்றோர் இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், பிறகு பிள்ளை ஆடும்போது வேடிக்கை பார்க்கவே சுவையாக இருக்கும்.

நம்மவர்கள் இந்த வித்தையில் தேர்ந்ததற்கு மட்டையும் ஒரு காரணம். ஆங்கிலேயர் கொண்டுவந்த மட்டைக்கு நீண்ட வளைவு இருந்தது. நீண்ட வளைவைச் சட்டென்று புரட்ட முடியாது. இங்கே மல்பெரி மரத்தை ஊறவைத்து வளைத்து, வளைவைக் குட்டையாக்கினார்கள். குட்டை வளைவு மணிக்கட்டுக்குக் கட்டுப்பட்டது. 1928 ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1980 மாஸ்கோ வரை எட்டு ஒலிம்பிக் தங்கம். கடைசித் தங்கத்தின்போது அணித்தலைவர் நம் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கை இழைத் தரை வந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. மண் தரையில் பந்து எங்கே எகிறும் என்று தெரியாது. அதை அடக்க மணிக்கட்டு வேண்டும். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து நேர்கோட்டில் பறக்கும். அதற்குக் குனிந்த முதுகும் ஓயாத காலும் வேண்டும். மட்டையும் மரத்திலிருந்து கார்பன், கண்ணாடி இழைக்கு மாறியது. ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் என்றே சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கிளப்புக்கு வருவோம். வாசகிக்கு நல்ல காலம், கோவில்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன அந்தக் கரிசல் பூமி, ஹாக்கிக்கும் அதே அளவு பெயர் வாங்கிய ஊர். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கே இருக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு அந்த விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் இந்திய அணியில் போனார்கள். கார்த்தி அரியலூர்க்காரர். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவர்.

கோவில்பட்டி வட்டாரத்துக் கிளப் என்றதும் கட்டடம், வரவேற்பறை, சந்தாப் படிவம் என்று கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் ஒரு மைதானம், கோல் போஸ்ட் இரண்டு, மட்டைகள் நிறைந்த ஒரு சாக்கு, வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுக்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் ‘மாஸ்டர்’ அல்லது ‘அண்ணன்’. பேருந்தில் வந்து இறங்கி, சட்டையை மாற்றிக்கொண்டு, விசிலை வாயில் வைப்பார். தேசிய அளவில் ஆடியவர்கள் பலரும் முதன்முதலாக மட்டை பிடித்தது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

முதல் நாள் பந்தைக் கொடுக்க மாட்டார்கள் என்று மகளிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அழுதுகொண்டு வருவாள். சில சுற்று ஓட்டம், பிறகு மட்டையைப் பிடித்து நிற்கும் நிலை. முழங்கால் மடங்க வேண்டும், கண் முன்னால் பார்க்க வேண்டும். அடுத்து, பந்தே இல்லாமல் மட்டையைப் புரட்டும் பயிற்சி. பிறகுதான் பந்து. அதுவும் ‘புஷ்’, ‘ஸ்டாப்’ இரண்டும் கைவந்த பிறகுதான் ‘ஹிட்’. ஓங்கி அடிக்கத் துடிக்கும் பிள்ளைகளை அதட்டி நிறுத்திவைப்பது அடுத்த பிள்ளையின் பல்லுக்காகவும்தான்.

மட்டை வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் கிளப் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஆடட்டும். வாங்கும்போது, நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் இடுப்பெலும்புக்கு மட்டையின் மேல் நுனி வர வேண்டும் என்பது பொதுவான அளவு. வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கிவிடுவோம். நீண்ட மட்டை மணிக்கட்டுக்குக் கனக்கும், மேலே சொன்ன புரட்டல் வராது, பிள்ளை குனியாமல் நிமிர்ந்தே ஆடப் பழகிவிடும். விலை உயர்ந்த கார்பன் மட்டையும் வேண்டாம். அது பெரியவர்களின் வேகத்துக்குச் செய்யப்பட்ட விறைப்பான சாமான். கற்றுக்குட்டி பந்தை நிறுத்தப் பார்த்தால் தெறித்து ஓடும். மரமோ, மரத்தில் கண்ணாடி இழை சுற்றியதோ போதும். மண் தரையில் நுனி தேய்ந்துகொண்டே வரும், டேப் சுற்றிச் சமாளிக்கலாம்.

முதல் நாளே வாங்க வேண்டியவை வேறு: கணைக்காலுக்கு ஷின் கார்டு, பல்லுக்கு மவுத் கார்டு, பாதத்துக்கு அளவான ஷூ. மட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மவுத் கார்டை மறந்துவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கூடவே பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் வீராங்கனை முதலில் தாண்ட வேண்டிய தடுப்பாட்டக்காரர் அந்தச் சான்றிதழ்தான். அதில் பெயரும் தேதியும் பிசகினால் ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

பெற்றோருக்கும் மைதானத்தில் வேலை உண்டு. தண்ணீர் கேன் கொண்டுவரலாம், வெளியூர்ப் போட்டிக்கு வேன் பேசலாம், அடிபட்டால் ஐஸ் வைக்கலாம். கோட்டுக்கு வெளியே நின்று “அடி, அடி!” என்று கத்துவதுதான் வேண்டாத வேலை. மாஸ்டர் “பாஸ் கொடு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா “நீயே கொண்டுபோ” என்று கத்தினால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூனியர் உலகக் கோப்பைக்கு 24 நாடுகள் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தன, இந்தியா வெண்கலம் வென்றது, நாமும் கைதட்டினோம். நல்லது. ஆனால் எத்தனையோ பிள்ளைகள் இன்னும் மண்ணில் ஆடிப் பழகிவிட்டு, தேர்வுப் போட்டி நடக்கும் நாளில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் கால் வைக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் என்றேனே, ஓர் ஆட்டத்தைக் கற்றவர்களுக்கு இன்னோர் ஆட்டத்தில் பரீட்சை வைக்கிறோம். மாவட்டத்துச் செயற்கைத் தரையில் கிராமத்துக் கிளப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும், இந்தக் குறை பெருமளவு தீரும். இதற்குப் புதிய மைதானம் கட்ட வேண்டியதில்லை, மனம் வைத்தால் நடக்கும்.

கோல் கீப்பர் பாடு இன்னும் மோசம். காலுக்குப் பேட், கிக்கர், மார்புக் கவசம், ஹெல்மெட் என்று முழு கிட் வாங்கச் சாதாரணக் குடும்பத்தால் ஆகாது. கிளப்பில் இருக்கும் ஒரே கிட் பெரிய பையனின் அளவுக்கு இருக்கும். விருப்பமுள்ள சின்னப் பிள்ளை அதைப் போட்டு நடக்கக்கூட முடியாமல் விலகிவிடும். ஊரில் வசதியுள்ளவர்கள் பரிசுக் கோப்பைக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியைச் சிறுவர் அளவு கிட் ஒன்றுக்குக் கொடுக்கலாம். பெண்பிள்ளைகள் வரும் மைதானத்தில் உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டிக்கொடுத்தால், அதைவிடப் பெரிய பயிற்சித் திட்டம் வேறில்லை.

இதையெல்லாம் அரசும் ஊரும் செய்ய வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை நான்கைந்து வருடம் வியர்வை சிந்தி, மணிக்கட்டு பழகி, ஆட்டம் கண்ணில் படத் தொடங்கும் நேரத்தில் பத்தாம் வகுப்பு வந்து நிற்கும். “இந்த ஒரு வருஷம் மட்டும்” என்று மட்டையைப் பரணில் ஏற்றுவோம். அடுத்த வருடம் பதினொன்று, அதற்கடுத்தது பன்னிரண்டு. ஏறிய மட்டை இறங்கிய வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைக் காட்டி வாதாட எனக்கு விருப்பமில்லை. எல்லாரும் இந்திய அணிக்குப் போகப்போவதும் இல்லை. நாள் முழுக்கப் பாடத்தில் குனிந்திருக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓட இடம் இருக்கட்டும் என்பதே என் வாதம். பரீட்சைக்கு முந்தைய மாதம் வேண்டுமானால் அரை மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த மட்டும் செய்யாதீர்கள்.